எடைக்கு வாங்கித் தலைப்புக்கு விற்பது: வளரும் சந்தைகளில் பழைய புத்தக வணிகம் தொடங்க ஒரு முழுமையான வழிகாட்டி

வளரும் பொருளாதாரங்களில் புதிய புத்தகம் என்பது பெரும்பாலான குடும்பங்களின் மாதச் செலவில் எளிதாக இடம்பெறும் பொருள் அன்று. பதிப்புகள் குறைந்த படிகளில் அச்சாவதால் விலை உயர்ந்து நிற்கிறது. பெருநகரங்களைத் தாண்டினால் நல்ல புத்தகக் கடைகள் அரிதாகிவிடுகின்றன. நூலகங்களுக்குப் புதிய நூல்கள் வந்து சேரவும் காலம் பிடிக்கிறது. இதே ஊர்களில்தான் படித்து முடித்த புத்தகங்கள் பரணிலும் மூட்டையிலும் ஆண்டுக்கணக்கில் கிடந்து, ஒரு நாள் பழைய பேப்பர் கடைக்குப் போய், அங்கிருந்து காகித ஆலைக்குச் சென்று கூழாகின்றன. இந்தப் பயணத்தை நடுவழியில் நிறுத்தி, புத்தகத்தை அது தேவைப்படும் வாசகரிடம் கொண்டு சேர்ப்பவரே பழைய புத்தக வணிகர். அவர் எடைக்கு வாங்குகிறார், தலைப்புக்கு விற்கிறார். இந்த இரண்டு அளவைகளுக்கும் இடையே உள்ள தூரமே அவருடைய வருமானம்.

எனவே, இத்தொழிலின் லாபம் கல்லாவில் உருவாவதில்லை, கொள்முதலின்போதே உருவாகிவிடுகிறது. கடையின் அழகுக்கும் விளம்பரத்துக்கும் முதலில் பணத்தைச் செலவிட்டுவிட்டு, சரக்கு எங்கிருந்து வரும் என்பதைப் பிறகு பார்த்துக்கொள்ளலாம் என்று நினைப்பவர்கள் சில மாதங்களிலேயே திணறிப்போவதற்குக் காரணம் இதுதான். புதிய புத்தகம் விற்பவர் தீர்ந்துபோன தலைப்பைப் பதிப்பாளரிடம் மீண்டும் கேட்டு வாங்க முடியும். பழைய புத்தகம் விற்பவருக்கு அந்த வசதி கிடையாது. அதனால் இந்த வழிகாட்டியில் கொள்முதலுக்கே அதிக இடம் ஒதுக்கப்பட்டுள்ளது.

முதல் படி: யாருக்கு விற்கப் போகிறீர்கள்?

வாங்குவோரை மூன்று பிரிவாகப் பார்ப்பது உதவும். பாடநூல், தேர்வு வழிகாட்டி, அகராதி ஆகியவற்றைத் தேடும் மாணவர்களும் பெற்றோர்களும் முதல் பிரிவினர். இவர்கள் கட்டாயத் தேவையால் வருகிறார்கள். என்ன வேண்டும் என்பதைத் தலைப்பு, ஆசிரியர், பதிப்பு உட்படச் சொல்லிவிடுவார்கள். கதை, வரலாறு, தன்முன்னேற்றம், குழந்தை நூல்கள் ஆகியவற்றை விருப்பத்துக்காக வாங்குவோர் இரண்டாம் பிரிவினர். அச்சில் இல்லாத நூல், முதற்பதிப்பு, பழைய இதழ்த் தொகுப்பு என்று தேடி வரும் ஆய்வாளர்களும் சேகரிப்பாளர்களும் மூன்றாம் பிரிவினர்.

தொடக்கத்தில் முதல் பிரிவினரை மையமாக வைத்துக்கொள்வதே பாதுகாப்பானது என்பது என் உறுதியான கருத்து. பாடநூல் விற்பனையில் தேவை முன்கூட்டியே தெரியும். புதிய நூலின் விலை அட்டையிலேயே இருப்பதால் விலை வைப்பதும் எளிது. ஒரே தலைப்பு பலமுறை கைமாறும். இரண்டாம் பிரிவினர் ஆண்டு முழுவதும் கடையைச் சோர்வின்றி வைத்திருப்பார்கள். மூன்றாம் பிரிவினரால் ஒரு புத்தகத்துக்குக் கிடைக்கும் லாபம் மிக அதிகம் என்றாலும், அவர்களை நம்பி வாடகை கட்ட முடியாது. அரிய நூலை அடையாளம் காணும் அறிவு, பல்லாயிரம் புத்தகங்கள் கைவழியே போன பிறகே வருகிறது.

கடை தொடங்குவதற்கு முன் ஒரு மாதம் கேட்டறிவதற்கு ஒதுக்குங்கள். அருகிலுள்ள கல்லூரிகளில் எந்தத் துறைகள் இருக்கின்றன, ஒவ்வொரு பருவத்துக்கும் பரிந்துரைக்கப்படும் நூல்கள் எவை, பாடத்திட்டம் கடைசியாக எப்போது மாறியது, அடுத்து எப்போது மாறக்கூடும் என்ற நான்கு கேள்விகளுக்கும் எழுத்தில் விடை வைத்திருங்கள். நான்காவது கேள்விதான் மிக முக்கியமானது. பாடத்திட்டம் மாறும் ஆண்டில் உங்கள் கிடங்கில் தங்கிவிட்ட பழைய பாடநூல், அடுத்த நாளே பழைய காகிதத்தின் விலைக்கு இறங்கிவிடும்.

இரண்டாம் படி: சட்டப்படி எது விற்கத் தக்கது?

உரிமையாளரின் அனுமதியோடு அச்சிடப்பட்டு, முறையாக ஒருமுறை விற்கப்பட்ட புத்தகத்தை வாங்கியவர் மீண்டும் விற்கலாம் என்பது பெரும்பாலான நாடுகளின் பதிப்புரிமைச் சட்டங்களில் உள்ள கோட்பாடு. அமெரிக்க உச்ச நீதிமன்றம் 1908-இல் பாப்ஸ்-மெரில் வழக்கில் இதை உறுதிசெய்தது. வெளிநாட்டில் அச்சான பாடநூல்களை அமெரிக்காவில் மறுவிற்பனை செய்த தாய்லாந்து மாணவர் கிர்ட்சேங் தொடர்பான வழக்கில், அந்நாட்டைப் பொறுத்தவரை இக்கோட்பாடு வெளிநாட்டுப் பிரதிகளுக்கும் பொருந்தும் என்று 2013-இல் அதே நீதிமன்றம் தீர்ப்பளித்தது. ஆனால் வெளிநாட்டுப் பிரதிகளைப் பொறுத்தவரை நாட்டுக்கு நாடு சட்டம் மாறுபடுகிறது. ஆகவே ‘இன்ன நாடுகளில் மட்டும் விற்பனைக்கு’ என்று அச்சிட்ட நூல்களை மொத்தமாக இறக்குமதி செய்வதற்கு முன் உள்ளூர் வழக்கறிஞரிடம் ஒருமுறை கேட்டுக்கொள்ள வேண்டும். மின்னூல்களுக்கு இந்த உரிமை நீளும் என்று எண்ணிவிடக் கூடாது. படித்த மின்னூல்களை மறுவிற்பனை செய்த டாம் கேபினெட் என்ற தளம் தொடர்பான வழக்கில் ஐரோப்பிய ஒன்றிய நீதிமன்றம் 2019-இல் அதை மறுத்துவிட்டது.

திருட்டுப் பதிப்புகளுக்கும் நகலெடுத்து பைண்டிங் செய்த பிரதிகளுக்கும் இந்தக் கோட்பாட்டின் பாதுகாப்பு கிடையாது. வளரும் சந்தைகளில் பழைய புத்தகத்துக்கு உண்மையான போட்டி புதிய புத்தகம் அன்று, இந்தத் திருட்டுப் பதிப்புதான். மங்கலான அச்சு, வெளுத்த அட்டை நிறம், சற்றே சாய்ந்து நிற்கும் பக்க விளிம்பு, பிரித்த உடனே கழன்றுவரும் பசை ஆகியவற்றைக் கொண்டு அதை அடையாளம் காணலாம். விரைவில் விற்றுத் தீரும் என்ற ஆசையில் அதற்கு அலமாரியில் இடம் கொடுத்துவிட்டால், கடையிலுள்ள மற்ற எல்லாப் புத்தகங்களின் நம்பகத்தன்மையும் குறைந்துவிடும். அவ்வாறே, நூலக முத்திரை உள்ள நூலில் ‘நீக்கப்பட்டது’ என்ற மறுமுத்திரை இருக்கிறதா என்று பார்த்து வாங்குங்கள். இல்லையென்றால், விலை எவ்வளவு குறைவாக இருந்தாலும் திருப்பிக் கொடுத்துவிடுவதே முறை.

வணிகப் பதிவு, உள்ளாட்சி உரிமம், விற்பனை வரி ஆகியவற்றை உள்ளூர்க் கணக்காளர் ஒருவரைக் கொண்டு தொடக்கத்திலேயே முடித்துவிடுங்கள். பல நாடுகளில் புத்தகத்துக்கு வரிவிலக்கோ குறைந்த வரியோ உண்டு. எழுதுபொருள்களுக்கு அது பொருந்தாமல் போகலாம் என்பதால் இரண்டையும் ஒரே பில்லில் கலக்காதீர்கள்.

மூன்றாம் படி: கொள்முதல்

முதல் ஊற்று பழைய பேப்பர் வணிகர்கள். ஊரின் புத்தகங்கள் எல்லாம் இறுதியில் வந்து சேரும் இடம் அவர்களுடைய கிடங்குதான். அவர்களிடம் ஒரே நாளில் மலிவாக அள்ளிக்கொண்டு வந்துவிட வேண்டும் என்று எண்ணாமல், நிரந்தர உறவாக வளர்த்தெடுக்க வேண்டும். காகித ஆலை தரும் விலையை விட உறுதியாகக் கூடுதலான ஒரு விலையைக் கிலோவுக்கு அறிவித்து, வாரத்தில் ஒரு குறிப்பிட்ட நாளில் தவறாமல் சென்று, கையோடு ரொக்கம் கொடுத்துவிட்டால், புத்தகங்களைத் தனியே எடுத்து வைக்கும் பழக்கம் அவர்களுக்குத் தானாக வந்துவிடும். மழையில் நனையாமல் வைத்தால் இன்னும் சற்றுக் கூடுதல் விலை என்று சொல்லிப் பாருங்கள். மூட்டைகளின் தரம் சில வாரங்களிலேயே மாறுவதைக் காண்பீர்கள். அவர் அறியாமல் கொடுத்த ஒரு நூல் பெரும் விலைக்குப் போனால், அடுத்த முறை அதில் ஒரு பங்கை அவருக்குக் கொடுங்கள். அது தருமம் என்பதோடு, நாளைக்கு அத்தகைய நூல் உங்களைத் தேடி வருவதற்கான வழியும் ஆகும்.

இரண்டாம் ஊற்று வீடுகள். வீடு மாறுபவர்கள், பிள்ளைகள் படிப்பை முடித்த குடும்பங்கள், ஓய்வுபெற்ற ஆசிரியர்கள், காலமானவரின் நூல் தொகுப்பை வைத்துக்கொண்டு என்ன செய்வதென்று தெரியாத வாரிசுகள் என்று பலர் இருக்கிறார்கள். இங்கே எடைக்கு விலை பேசினால் அவர்கள் மனம் நோகும். முழுத் தொகுப்பையும் பார்த்து, விலை போகக்கூடிய நூல்களைத் தனியே பிரித்துக் காட்டி, அவற்றுக்கு ஒரு விலையும் மீதிக்கு ஒரு மொத்த விலையும் சொல்வது நேர்மையான வழி. நல்லவற்றை மட்டும் எடுத்துக்கொண்டு மீதியை அவர்கள் தலையில் விட்டுச் செல்பவரை யாரும் இரண்டாம் முறை அழைப்பதில்லை. புத்தகங்களுக்கு இடையே இருக்கும் கடிதம், புகைப்படம், சான்றிதழ் முதலியவற்றை எடுத்துத் திருப்பிக் கொடுப்பதை ஒரு விதியாகவே வைத்துக்கொள்ளுங்கள்.

மூன்றாம் ஊற்று நிறுவனங்கள். பள்ளிகள், கல்லூரி நூலகங்கள், பதிப்பகங்களின் தேங்கிய சரக்கு ஆகியவை இதில் அடங்கும். அமெரிக்காவில் நோட்ர டேம் பல்கலைக்கழகப் பட்டதாரிகள் 2002-இல் தொடங்கிய பெட்டர் வேர்ல்ட் புக்ஸ் என்ற நிறுவனம், கல்லூரி வளாகங்களிலும் நூலகங்களிலும் வேண்டாத புத்தகங்களைச் சேகரித்து விற்று, வருவாயில் ஒரு பகுதியை எழுத்தறிவுப் பணிகளுக்குக் கொடுக்கும் முறையில் வளர்ந்தது. முதலீடு குறைவாக உள்ளவர்களுக்கு இந்த அமைப்பு ஏற்றது. முன்கூட்டிப் பணம் கொடுக்க வேண்டியதில்லை, விற்ற பிறகு பங்கு கொடுத்தால் போதும். ஆனால் எழுத்துபூர்வமான ஒப்பந்தமும், என்ன வந்தது, என்ன விற்றது, என்ன கழிக்கப்பட்டது என்ற கணக்கும் இல்லாமல் இதில் இறங்கினால் மனக்கசப்பில்தான் முடியும்.

நான்காம் ஊற்று உங்கள் வாடிக்கையாளர்கள். பாடநூலை விற்கும்போதே, ‘பருவம் முடிந்ததும் நல்ல நிலையில் கொண்டுவந்தால் இந்த விலைக்குத் திரும்ப எடுத்துக்கொள்கிறோம்’ என்று முதல் பக்கத்தில் பென்சிலால் எழுதிக் கொடுங்கள். மாணவர் தம் மனக்கணக்கில் அந்தத் தொகையைக் கழித்தே புத்தகத்தின் விலையைப் பார்ப்பார்; உங்களுக்கோ அடுத்த ஆண்டின் சரக்கு இப்போதே உறுதியாகிறது. ஒரே பாடநூல் நான்கு மாணவர்களின் கைகளுக்குப் போய்த் திரும்பும்போது, ஒவ்வொரு முறையும் சிறிய லாபமே கிடைத்தாலும், மொத்தத்தில் அது அரிய நூல் ஒன்றின் லாபத்துக்கு நிகராகிவிடும். பாடத்திட்டம் மாறினால் இந்த உறுதி செல்லாது என்பதையும் அதே இடத்தில் எழுதிவிட வேண்டும்.

வெளிநாட்டிலிருந்து கொள்கலனில் பழைய புத்தகங்களை வரவழைப்பது ஐந்தாம் ஊற்று. இது கவர்ச்சியானது, ஆனால் முதல் ஆண்டுக்கு உரியதன்று. கல்வி, அறிவியல், பண்பாட்டுப் பொருள்களின் இறக்குமதி தொடர்பாக யுனெஸ்கோ 1950-இல் ஃபுளோரன்ஸ் நகரில் ஏற்றுக்கொண்ட ஒப்பந்தமும் 1976-ஆம் ஆண்டின் நைரோபி நெறிமுறையும், அவற்றில் சேர்ந்த நாடுகளில் புத்தகங்களுக்குச் சுங்கத் தீர்வை விலக்கு அளிக்கின்றன. உங்கள் நாடு அவற்றில் சேர்ந்திருக்கிறதா என்று முதலில் பாருங்கள். அச்சிட்ட நூல்கள் உலகச் சுங்க வகைப்பாட்டில் 4901 என்ற தலைப்பின் கீழும், குழந்தைகளுக்கான படப் புத்தகங்கள் 4903 என்ற தலைப்பின் கீழும் வருகின்றன; ஆவணத்தில் எண் தவறினால் துறைமுகத்தில் நாட்கள் வீணாகித் தாமதக் கட்டணம் ஏறும். சரக்கு மரச்சட்டங்களின்மேல் அடுக்கி வந்தால், அந்த மரம் உட்பகுதிவரை 56 பாகை செல்சியஸ் வெப்பத்தில் 30 நிமிடம் பதப்படுத்தப்பட்டது என்பதற்கான ஐஎஸ்பிஎம் 15 (மரத்தின் வழியே பூச்சிகள் நாடு தாண்டிப் பரவாமல் தடுக்கும் சர்வதேச விதி) முத்திரையோ, அதே விதி ஏற்கும் வேறு பதப்படுத்தலின் முத்திரையோ இருக்க வேண்டும். காகிதம் கனமானது, நெருக்கமாக அடுக்கினால் நாற்பதடிக் கொள்கலனில் இடம் நிறைவதற்கு முன்பே எடை வரம்பு வந்துவிடும். ஆகவே சரக்குக் கட்டணத்தைக் கன அளவுக்கு அல்லாமல் எடைக்கு வகுத்துப் பார்த்து, ஒரு புத்தகம் உங்கள் கடை வாசலுக்கு வந்து சேரும் விலையைக் கணக்கிடுங்கள். இவற்றையெல்லாம் விடப் பெரிய ஆபத்து உள்ளே இருப்பதுதான்: பணக்கார நாடுகளில் விற்காமல் போனவையே இப்படி வருகின்றன. வேறொரு நாட்டின் வரிச் சட்ட வழிகாட்டியும் காலாவதியான மென்பொருள் கையேடும் உங்கள் வாசகருக்குப் பயன்படாது. துறைவாரியான பட்டியலும் மாதிரிப் பெட்டியும் தராத விற்பனையாளரிடம் பணம் கட்டாதீர்கள்.

கையில் எடுத்துப் பார்க்கும் முறை

எந்த ஊற்றிலிருந்து வந்தாலும், ஒவ்வொரு புத்தகத்தையும் பார்ப்பதற்குச் சில நொடிகளே கிடைக்கும். அந்த நொடிகளைப் பின்வரும் வரிசையில் பயன்படுத்துங்கள். முதலில் முதுகுப் பக்கத்தைப் பிடித்து லேசாக அசைத்தால், உள்கட்டு அட்டையிலிருந்து விட்டுப்போயிருக்கிறதா என்பது தெரிந்துவிடும். அடுத்து, நடுவில் பிரித்துப் பக்கங்களின் அடிமடிப்பைப் பாருங்கள். அங்கே நுண்மணல் போன்ற துகள்கள் உதிர்ந்திருந்தால் உள்ளே பூச்சி இருக்கிறது. மூன்றாவதாக, முகர்ந்து பாருங்கள். பழங்காகிதத்தின் மணம் வேறு, ஈரமண்ணின் மணம் வேறு. இரண்டாவது மணம் பூஞ்சையைக் காட்டுகிறது. நான்காவதாக, கடைசிப் பக்கங்களுக்குச் செல்லுங்கள். பாடநூல்களில் விடைப்பகுதியும் பயிற்சித் தாள்களும், பயண நூல்களில் வரைபடங்களும், கதை நூல்களில் இறுதித் தாளும் கிழிந்திருக்கும் வாய்ப்பு அதிகம். கடைசி அத்தியாயம் இல்லாத நாவலை விற்றுவிட்டால், அந்த வாசகரை நீங்கள் நிரந்தரமாக இழந்துவிடுவீர்கள். இறுதியாகப் பதிப்பு விவரப் பக்கத்தைப் பார்த்து, பதிப்பு எண்ணையும் ஆண்டையும் உறுதிசெய்யுங்கள்.

பக்க ஓரத்தில் எழுதப்பட்ட குறிப்புகளைக் குறையாக மட்டும் எண்ண வேண்டியதில்லை. தெளிவான கையெழுத்தில் கணக்குகளின் படிகளை எழுதி வைத்திருக்கும் பாடநூலை மாணவர்கள் விரும்பியே எடுப்பார்கள். அடிக்கோடுகள் மிகுந்த கவிதை நூல் அவ்வாறு விலைபோகாது.

நான்காம் படி: தரம் பிரித்தலும் பாதுகாப்பும்

வந்த மூட்டையை நேராக அலமாரிக்குக் கொண்டுசெல்லாதீர்கள். கடைக்கு வெளியே தனி அறையோ, குறைந்தது மூடிய பெட்டிகளோ இருக்க வேண்டும். ஒரு மூட்டையில் வரும் வெள்ளிப்பூச்சிகள் முழுக் கடையையும் கெடுக்கப் போதுமானவை. பூச்சி இருப்பதாகத் தோன்றும் நூல்களை நெகிழிப் பையில் காற்றுப் புகாதவாறு கட்டி, உறைபெட்டியில் கழித்தல் 20 பாகை செல்சியஸில் ஒரு வாரம் வைத்தால் பூச்சிகளும் முட்டைகளும் அழிந்துவிடும். வெளியே எடுத்த பிறகு ஒரு நாள் முழுதும் பையைத் திறக்கக் கூடாது. திறந்தால் காற்றின் ஈரம் குளிர்ந்த காகிதத்தில் நீராகப் படியும். மின்வெட்டு மிகுந்த இடங்களில் இந்த முறையை மட்டும் நம்ப முடியாது என்பதால், பழுதின் அளவைப் பார்த்து அத்தகைய நூல்களைக் கழித்துவிடுவதே மேல்.

காற்றின் ஈரப்பதம் 65 விழுக்காட்டைத் தாண்டி நீடித்தால் பூஞ்சை வளரத் தொடங்கும். விலை குறைந்த ஈரப்பதமானி ஒன்றைச் சுவரில் மாட்டி வையுங்கள். அலமாரியைச் சுவரிலிருந்து நான்கு விரற்கடை தள்ளி வைத்து, கீழ்த்தட்டைத் தரைமட்டத்திலிருந்து ஒரு சாண் உயர்த்தினாலே மழைக்காலத்துச் சேதத்தில் பெரும்பகுதி குறைந்துவிடும். வெயில் நேராக விழும் கண்ணாடிச் சன்னலில் நல்ல நூல்களைக் காட்சிக்கு வைக்காதீர்கள். மரக்கூழிலிருந்து செய்த மலிவுக் காகிதத்தில் உள்ள லிக்னின் என்ற மரப்பொருள் ஒளி பட்டால் விரைவில் பழுப்பாகிவிடும்.

பழுதுபார்ப்பதில் அடக்கம் வேண்டும். கிழிந்த பக்கத்தில் செல்லோடேப் ஒட்டினால், சில ஆண்டுகளில் அதன் பசை மஞ்சளாகிக் காகிதத்தையும் கெடுத்துவிடும். விலையைப் பசைச் சீட்டில் ஒட்டாமல், முதல் பக்கத்தின் மேல் மூலையில் மென்மையான பென்சிலால் எழுதுங்கள்.

ஐந்தாம் படி: விலையும் இருப்பின் வயதும்

பாடநூலுக்கு விலை வைப்பது எளிது. புதிய நூலின் விலையில் பாதியை மையமாக வைத்துக்கொண்டு, நிலைக்கேற்ப மேலும் கீழும் செல்லலாம். அச்சில் உள்ள பொது நூல்களுக்கு மூன்றில் ஒரு பங்கில் தொடங்குங்கள். அச்சில் இல்லாத நூல்களுக்கு இணையத்தில் காணும் விலைகளைப் பார்த்து மயங்காதீர்கள். 1996-இல் தொடங்கி 2008-இல் அமேசானின் கைக்குப் போன ஏப்புக்ஸ் போன்ற பழைய நூல் விற்பனைத் தளங்களில் தெரிவது விற்பவர் கேட்கும் விலையே தவிர, வாங்குபவர் கொடுத்த விலை அன்று. அதுவும் வேறொரு நாட்டு வருமானத்துக்கு ஏற்ற விலை.

விலையை விடவும் அதிகக் கவனம் தேவைப்படுவது, ஒரு புத்தகம் அலமாரியில் எத்தனை மாதம் இருக்கிறது என்பதில்தான். ஓர் எளிய கணக்கைப் பாருங்கள். கடையின் மாத வாடகையும் மின்கட்டணமும் சம்பளமும் சேர்ந்து 3,000 அலகுகள், கடையில் உள்ள புத்தகங்கள் 6,000 என்று கொள்வோம். ஒவ்வொரு புத்தகமும் மாதத்துக்கு அரை அலகு செலவைத் தன்மேல் ஏற்றிக்கொள்கிறது. ஓர் அலகுக்கு வாங்கிய புத்தகம் ஆறு மாதம் நின்றால் அதன் அடக்கவிலை நான்கு அலகுகள். அதை நான்கு அலகுகளுக்கு விற்றால், வாங்கிய விலையைப் போல நான்கு மடங்குக்கு விற்றதாக மகிழ்ச்சி தோன்றினாலும், கையில் நின்றது ஒன்றுமில்லை. அதையே இரண்டாம் மாத இறுதியில் மூன்று அலகுகளுக்கு விற்றிருந்தால் ஓர் அலகு லாபம் கிடைத்திருக்கும்.

ஆகவே, ஒவ்வொரு புத்தகத்திலும் விலைக்கு அருகில் அது கடைக்கு வந்த மாதத்தையும் பென்சிலால் குறித்து வையுங்கள். மூன்று மாதம் கடந்தவற்றுக்கு விலையைக் குறையுங்கள். ஆறு மாதம் கடந்தவற்றை வாசலில் ஒரே விலைப் பெட்டிக்கு மாற்றுங்கள். அங்கும் போகாதவற்றைப் பள்ளிகளுக்கோ படிப்பகங்களுக்கோ கொடுத்துவிடுங்கள், அல்லது எடைக்கே போட்டுவிடுங்கள். புத்தகத்தை நேசிப்பவர்களுக்கு இந்தக் கடைசிச் செயல் மனவேதனை தரும். ஆனால் வாசகர் இல்லாத நூலுக்கு வாடகை கட்டிக்கொண்டிருந்தால், வாசகர் காத்திருக்கும் நூலை வாங்கக் கையில் பணம் இருக்காது. அரிய நூல்களுக்கு மட்டும் இந்த விதியிலிருந்து விலக்கு அளியுங்கள். அவற்றைத் தனி அலமாரியில் பூட்டி வைத்து, எண்ணிக்கைக்கு ஓர் உச்சவரம்பும் வைத்துக்கொள்ளுங்கள்.

ஆறாம் படி: இடம்

கொல்கத்தாவின் காலேஜ் ஸ்ட்ரீட், கெய்ரோவின் அஸ்பகேயா, பாக்தாத்தின் முத்தனப்பி வீதி, மெக்சிகோ நகரின் டோன்செலெஸ் வீதி ஆகிய இடங்களில் புத்தகக் கடைகள் ஒன்றையொன்று ஒட்டி நிற்கின்றன. பழைய புத்தகத்தைப் பொறுத்தவரை பக்கத்துக் கடைக்காரர் எதிரியல்லர். ஒரு கடையில் குறிப்பிட்ட தலைப்பு கிடைப்பது நிச்சயமில்லை என்பதால், பல கடைகள் சேர்ந்திருக்கும் வீதிக்குத்தான் வாசகர் நம்பி வருகிறார். அத்தகைய வீதி உங்கள் நகரில் இருந்தால் அங்கே சிறிய இடமாவது பிடியுங்கள். இல்லையென்றால் கல்லூரிக்கும் பேருந்து நிறுத்தத்துக்கும் இடைப்பட்ட நடைபாதையை ஒட்டிய இடத்தைத் தேர்ந்தெடுங்கள். கிடங்கு ஊருக்கு வெளியே, வாடகை குறைந்த இடத்தில் இருக்கலாம். மாடியில் கிடங்கு வைப்பதானால் தளத்தின் தாங்குதிறனைக் கட்டடப் பொறியாளரிடம் கேட்டுக்கொள்ளுங்கள். ஒரு மீட்டர் நீளத் தட்டில் அடுக்கிய புத்தகங்கள் முப்பது கிலோவைத் தாண்டுவது இயல்பு.

ஏழாம் படி: பட்டியலும் இணைய விற்பனையும்

சர்வதேச தரப் புத்தக எண்ணான ஐஎஸ்பிஎன் 1970-இல் பத்து இலக்கங்களோடு வந்தது. 2007 ஜனவரி முதல் பதின்மூன்று இலக்கங்கள் ஆயிற்று. கைப்பேசியால் பட்டைக்குறியீட்டைப் படித்து விவரங்களை நிரப்பும் செயலிகள் இந்த எண்ணை நம்பியே இயங்குகின்றன. வளரும் நாடுகளின் உள்ளூர் மொழி நூல்களில் பலவற்றுக்கு இந்த எண்ணே இருப்பதில்லை. இருந்தாலும் தரவுத்தளத்தில் விவரம் கிடைப்பதில்லை. எனவே கடைக்கென்று ஒரு வரிசை எண் முறையை வகுத்துக்கொள்ளுங்கள். தலைப்பு, ஆசிரியர், பதிப்பாண்டு, நிலை, கொள்முதல் விலை, விற்பனை விலை, வந்த மாதம், தட்டு எண் என்ற எட்டு விவரங்கள் ஒரு விரிதாளில் இருந்தால் போதும். எல்லாப் புத்தகங்களையும் பட்டியலிட முயன்று காலத்தை வீணாக்க வேண்டாம். ஒரு குறிப்பிட்ட விலைக்கு மேற்பட்டவற்றையும் பாடநூல்களையும் மட்டும் பதிவுசெய்யுங்கள்.

இணையத்தில் முதல் கருவி வாட்ஸ்அப். வாரம் ஒருமுறை ஒரு தட்டின் முதுகுப் பக்கங்கள் தெளிவாகத் தெரியும்படி படம் எடுத்து அனுப்பினால், தலைப்புகளைத் தட்டச்சு செய்யாமலேயே வாசகர்கள் தாங்களே தேர்ந்தெடுத்துக் கேட்பார்கள். தனித் தளம், அஞ்சல்வழி விற்பனை ஆகியவற்றுக்குச் செல்லும்போது அனுப்பும் செலவு புத்தகத்தின் விலையைத் தாண்டிவிடாமல் பார்த்துக்கொள்ளுங்கள். குறைந்த விலை நூல்களை ஐந்து, பத்து என்று கட்டுகளாக விற்பது இதற்கு ஒரு வழி. நிலையை விவரிக்கும்போது குறைகளை முதலில் சொல்லுங்கள்: ‘அட்டை மடிந்துள்ளது, உள்ளே பத்துப் பக்கங்களில் பேனா அடிக்கோடு, பக்கங்கள் முழுமையாக உள்ளன’ என்று எழுதிய புத்தகம் திரும்பி வருவதில்லை.

வாடிக்கையாளர் கேட்டு இல்லையென்று சொன்ன ஒவ்வொரு தலைப்பையும், கேட்டவரின் தொடர்பு எண்ணோடு ஒரு நோட்டில் எழுதி வையுங்கள். கிடங்கில் மூட்டை பிரிக்கும்போது இந்த நோட்டு கையில் இருக்க வேண்டும். ஒரே தலைப்பு பலமுறை கேட்கப்பட்டால், அதை எடைக்குக் காத்திருக்காமல் விலை கொடுத்தே தேடி வாங்கலாம். தேடிய நூல் கிடைத்துவிட்டது என்று கடையிலிருந்து அழைப்பு வரும்போது வாசகருக்கு ஏற்படும் மகிழ்ச்சியை எந்த விளம்பரமும் தந்துவிட முடியாது.

எட்டாம் படி: ஆண்டின் பணப்புழக்கம்

பாடநூலை நம்பிய கடைக்குக் கல்வியாண்டின் முதல் சில வாரங்களே அறுவடைக் காலம். ஆனால் சரக்கு வருவதோ தேர்வு முடிந்த பிறகு, அதாவது கையில் பணம் குறைந்திருக்கும் காலத்தில். ஆகவே விற்பனைக் காலத்தின் வருவாயில் ஒரு பகுதியைக் கொள்முதலுக்கென்று தனி வங்கிக் கணக்கில் போட்டு, வேறெதற்கும் தொடாமல் வைத்திருக்க வேண்டும். மொத்த முதலீட்டில் கடை அமைப்புக்குக் கால் பங்கு, முதல் சரக்குக்கு அரைப் பங்கு, கையிருப்பு ரொக்கமாகக் கால் பங்கு என்ற பிரிவை நான் பரிந்துரைப்பேன். அந்தக் கால் பங்கு ரொக்கம் இல்லாதவர், நல்ல தொகுப்பு ஒன்று திடீரென்று விலைக்கு வரும் நாளில் வெறுங்கையோடு நிற்க நேரிடும். மந்தமான மாதங்களுக்கு வாடகை நூலகம் பொருத்தமானது. புத்தகத்தின் விலையை வைப்புத் தொகையாகப் பெற்றுக்கொண்டு, திருப்பும்போது சிறு கட்டணம் கழித்துக் கொடுத்தால், விருப்ப வாசகர்கள் தொடர்ந்து வருவார்கள். வைப்புத் தொகை அவர்களுடைய பணம் என்பதால் அதைக் கொள்முதலுக்குச் செலவிட்டுவிடாதீர்கள்.

கல்லூரி மாணவர்களுக்குக் கடன் கொடுக்கும் வழக்கத்தைத் தொடங்காமல் இருப்பது நல்லது. அதற்குப் பதிலாகப் பழைய பருவத்தின் நூலைக் கொடுத்துப் புதிய பருவத்தின் நூலை எடுத்துச் செல்லும் பரிமாற்றத்தை ஏற்படுத்துங்கள். பணம் இல்லாத மாணவரும் புத்தகமின்றித் திரும்ப வேண்டியிருக்காது, உங்கள் கணக்கும் சிதறாது.

ஒன்பதாம் படி: விரிவாக்கம்

முதலில் வேலைக்கு எடுக்க வேண்டியவர் விற்பனையாளர் அல்லர், தரம் பிரிப்பவர். படிப்பார்வம் உள்ள ஒருவரை உங்களோடு கிடங்கில் உட்காரவைத்து, ஒரு முழுக் கல்வியாண்டு மூட்டை பிரிக்கப் பழக்குங்கள். எந்த நூலை எடுத்தீர்கள், எதைத் தள்ளினீர்கள் என்பதோடு ஏன் என்பதையும் சொல்லிக்கொண்டே வேலை செய்யுங்கள். அவர் பிரித்த மூட்டையை நீங்கள் மீண்டும் பார்க்கும்போது மாற்றுவதற்கு ஏறக்குறைய ஒன்றும் இல்லை என்ற நிலை வந்தால், இரண்டாவது கடைக்கான நேரம் நெருங்கிவிட்டது. அப்போதும், வாரந்தோறும் வரும் சரக்கு முதல் கடைக்குத் தேவையானதை விடத் தொடர்ந்து மிஞ்சுகிறதா என்று குறைந்தது இரண்டு பருவங்களின் கணக்கைப் பார்த்துவிட்டே வாடகை ஒப்பந்தத்தில் கையெழுத்திடுங்கள். சரக்கு மிஞ்சாமல் விற்பனை மட்டும் பெருகியிருந்தால், அந்தப் பணத்தைப் புதிய கடைக்குப் போடாமல், அடுத்த ஊரின் பழைய பேப்பர் வணிகர்களோடு வாராந்திர ஏற்பாடு ஒன்றைத் தொடங்கப் பயன்படுத்துங்கள்.